நூடுல்ஸ் சட்டியும் நெத்தோலிக் கருவாடும்: கேள்வி பதில்

17 வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் கரை ஒதுங்கியிருக்கிறேன். கப்பலில் கூட இருந்தவர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ்காரர்களும் பர்மாக்காரர்களும்தான். நூடுல்ஸ் வகைகளை அவர்களிடம் திட்டு வாங்கித்தான் படித்தேன். வீட்டில் செய்வது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணாச்சி, எப்படிச் செய்தாலும் நூடுல்ஸ் குழைந்து உருண்டையாகிவிடுகிறது. தண்ணீரில் எண்ணெய் விட்டும் பார்த்தாயிற்று. (கோட்டாறிலிருந்து ஒரு தங்கச்சி)

தண்ணீரில் விட்ட எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் தண்ணீர் போதாததுதான் காரணம். 100 கிராம் கோதுமை நூடுல்ஸுக்கு 1 லிட்டர் தண்ணீர் வேண்டும். தளதளவென்று கொதித்த பிறகு போடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் அதுதான் பதம். மிச்சம் சட்டியில் வெந்துவிடும். வடித்த உடனே பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, மேலே இருக்கும் மாவு வழவழப்பைப் போக்குங்கள். அப்புறம் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசிறி அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். எண்ணெய்க்கு அங்கேதான் வேலை.

அரிசி நூடுல்ஸ் வேறு ரகம். மெல்லியது என்றால், கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அதில் 3, 4 நிமிடம் ஊறவிட்டால் போதும். பட்டையானது என்றால், பச்சைத் தண்ணீரிலேயே அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டும். விரலில் சுற்றினால் முறியாமல் வளைய வேண்டும், ஆனால் தின்னப் பார்த்தால் இன்னும் வேகாத மாதிரி இருக்க வேண்டும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் முதல் கப்பலில் ஒரு பிலிப்பைன்ஸ்காரருக்குப் பிறந்தநாள் வந்தது. அவர்கள் ஊரில் அன்றைக்குப் பன்சித் செய்வார்கள். இழை நீளமாக இருந்தால் ஆயுளும் நீளும் என்று நம்பிக்கை, அதனால் வெட்டவும் மாட்டார்கள். நான் அந்த மெல்லிய அரிசி நூடுல்ஸை 5 நிமிடம் கொதிக்கவிட்டேன். கரண்டியைக் குத்தி வைத்தால் நிற்கும் களி ஆகிவிட்டது. அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "என் ஆயுசு இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

நேற்று மிஞ்சிய இடியாப்பத்தை நூடுல்ஸ் மாதிரி வதக்கலாமா? (தக்கலை)

தாராளமாக. இடியாப்பமும் அரிசி நூடுல்ஸ்தானே, காய வைக்காமல் அப்படியே தின்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சுடச்சுட வதக்கினால் கூழாகும். இரவு முழுக்கக் குளிர்ந்த இடியாப்பம் இறுகியிருக்கும், அதை உதிர்த்துச் சட்டியில் போட்டால் இழை இழையாக நிற்கும்.

தாய்லாந்து பேட் தாய் வீட்டில் செய்ய ஆசை. பனைச்சர்க்கரையும் மீன் சாஸும் வேண்டும் என்கிறார்கள். இரண்டும் எங்கள் பக்கத்துக் கடையில் இல்லை. (மார்த்தாண்டம்)

பனைச்சர்க்கரை இல்லை என்று குமரி மாவட்டத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்! தாய்லாந்தில் பெட்சபுரி என்ற ஊர் பனைச்சர்க்கரைக்குப் பேர் போனது. அங்கே இறக்குவதும் நாம் அக்கானி (பதநீர்) இறக்குகிற அதே பனையில்தான். அவர்கள் சர்க்கரை வெளிறி இருக்கும், நம் கருப்பட்டி கறுப்பு, மணமும் தூக்கல். ஆகவே கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். மணல் கிடக்கும், கரைத்து வடிகட்டாமல் ஊற்றாதீர்கள்.

இரண்டு பேருக்கு 150 கிராம் பட்டை அரிசி நூடுல்ஸ். பெரிய நெல்லிக்காய் அளவு புளியைக் கால் கப் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அதோடு பொடித்த கருப்பட்டி 2 டேபிள்ஸ்பூன், மீன் சாஸ் 2 டேபிள்ஸ்பூன் சேர்த்துச் சூடாக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். புளிப்பு முதலில் தெரிய வேண்டும், இனிப்பு அதன் பின்னால், உப்பு கடைசியில். எண்ணெயில் றாலை வதக்கித் தனியே எடுத்துவிட்டு, நறுக்கிய உள்ளி (சின்ன வெங்காயம்), ஊறிய நூடுல்ஸ், இந்தக் கரைசல் எல்லாம் போட்டு, நூடுல்ஸ் கரைசலைக் குடித்து முடிக்கும்வரை புரட்டுங்கள். இன்னும் வேகவில்லை என்றால் கையால் தண்ணீர் தெளிக்கலாம். நூடுல்ஸை ஓரமாகத் தள்ளி, காலியான இடத்தில் ஒரு முட்டையை உடைத்து விடுங்கள். முட்டை முக்கால் வெந்ததும் கலந்து, றால், முளைகட்டிய சிறுபயறு, உள்ளித்தாள், வறுத்து ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலை போட்டு இறக்குங்கள். எலுமிச்சை மேலே பிழியத்தான், சட்டியில் வேண்டாம்.

இனி மீன் சாஸ். அது நெத்தோலியை உப்பில் அடுக்கி மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த நீர். புளித்த அந்த மணம் நம் அடுக்களையில் ஒரு நாளில் வராது. ஆனால் ருசிக்கு வழி இருக்கிறது. ஒரு கைப்பிடி நெத்தோலிக் கருவாடு எடுங்கள். தலையைக் கிள்ளி, வயிற்றுக் கறுப்பை நகத்தால் வழித்துவிடுங்கள், கசப்பு அதில்தான் இருக்கிறது. மணல் போக இரண்டு மூன்று தண்ணீர் அலசி, துணியில் ஒற்றி, வெறும் இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் வறுங்கள். முதலில் கவுச்சி வாடை எழும்பும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம் வரும். அப்போது அரை லிட்டர் தண்ணீர் விட்டு 15 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடியுங்கள். இதைக் கால் கப்பாக வற்றவைத்து உப்பு சேர்த்தால் பேட் தாய்க்குப் போதும். சில கருவாட்டில் உப்பே இருக்காது, சிலதில் வாயில் வைக்க முடியாது. ஆகவே ருசி பார்த்துவிட்டு உப்புப் போடுங்கள்.

வற்ற வைக்காத அந்த நீரை வீணாக்காதீர்கள். கொரியாவில் கல்யாண விருந்துக்கு வைக்கும் ஜான்சி குக்சு என்ற நூடுல்ஸ் சூப்புக்கு அடிப்படையே இப்படி நெத்தோலி வேகவைத்த தண்ணீர்தான். மெல்லிய கோதுமை நூடுல்ஸை வேகவைத்து அலசிக் கிண்ணத்தில் வைத்து, இதைச் சூடாக ஊற்றி, முட்டை அடையை நூல் மாதிரி நறுக்கித் தூவினால் ஆயிற்று. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் மாதம் இரண்டு முறை இதுதான்.

கடையில் கிடைக்கும் அந்தப் புகை மணம் வீட்டில் வருவதே இல்லையே மாமா? (குளச்சல், கல்லூரி மாணவன்)

மருமகனே, கடை அடுப்பின் தீ வேறு, வீட்டு கேஸ் தீ வேறு. முழுசாக வராது. ஆனால் நீ நாலு பேருக்கு உள்ளதை ஒரே சட்டியில் கொட்டியிருப்பாய். சட்டி சூடு இறங்கி, வதங்க வேண்டியது அவிந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு ஆள் அளவு மட்டும் போடு. இரும்புச் சட்டி லேசாகப் புகைந்த பிறகு எண்ணெய். நூடுல்ஸில் ஈரம் சொட்டக் கூடாது. சாஸை நூடுல்ஸ் தலையில் ஊற்றாமல் சட்டி ஓரத்தில் சுற்றி ஊற்று, சுர்ரென்று கருகும் அந்த ஒரு நொடியில்தான் மணம் பிறக்கிறது. மூடி போடாதே.

எங்கள் வாப்பா பினாங்கில் வேலை பார்த்தவர். அங்கே தின்ற மஞ்சள் மீ கோரேங்கைப் பற்றி இன்னும் சொல்கிறார். இங்கே முட்டை நூடுல்ஸ் வாங்கிச் செய்தால் அந்தப் பிடிமானம் இல்லையாம். (தேங்காப்பட்டணம்)

வாப்பா சொல்வது சரி. அந்த நூடுல்ஸுக்கு மஞ்சளும் இழுவையும் தருவது முட்டை இல்லை, மாவில் சேர்க்கும் கார உப்பு. ஜப்பான்காரர் ராமெனிலும் அதுவேதான். நம் அப்பளத்துக்கு அப்பளக்காரம் போடுகிற கதை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒரு குறுக்குவழி: மெல்லிய ஸ்பாகெட்டி வாங்கி, 1 லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் ஆப்பச் சோடா போட்டு வேகவையுங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரம் எடுங்கள். கண் முன்னாலேயே நிறம் மாறும். அலசிவிட்டு, அரைத்த மிளகாய் வத்தல் விழுது, தக்காளி சாஸ், சோயா சாஸ், வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டு, பொரித்த டோஃபு, முட்டை சேர்த்து வதக்குங்கள். பினாங்கில் இதைத் தமிழ் முஸ்லிம்கள் கடையில்தான் தேடிப்போய்த் தின்பார்கள், அதனால் 'மாமாக்' மீ கோரேங் என்றே பெயர். வாப்பாவுக்குத் தட்டோரம் எலுமிச்சை வைக்க மறக்காதீர்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் நூடுல்ஸில் பால் திரிந்து போகிறது. (கருங்கல்)

சொதி வைக்கத் தெரிந்த கைக்கு இது புதிதில்லை அக்கா. இரண்டாம் பாலில் எல்லாம் வேகட்டும், தலைப்பால் கடைசியில், கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். பர்மாக்காரர்கள் ஓனோ கௌஸ்வே என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸில் இன்னொன்று செய்வார்கள். கடலை மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் கோழிக் குழம்பில் ஊற்றுவார்கள். குழம்பும் கெட்டியாகும், பாலும் லேசில் பிரியாது. நாலு பேருக்கு 3 டேபிள்ஸ்பூன் மாவு போதும், பச்சை வாசனை போகக் கொதிக்கட்டும். மேலே அவித்த முட்டை, பச்சைப் பல்லாரி (பெரிய வெங்காயம்), கொஞ்சம் நூடுல்ஸை மொறுமொறுவென்று பொரித்து நொறுக்கிப் போட வேண்டும். அந்த நொறுக்கு இல்லாமல் எனக்கு இறங்காது.

சோயா சாஸ் இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகுமா? அஜினமோட்டோ? (நாகர்கோவில்)

ஒரு டேபிள்ஸ்பூன் சாதா சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கே 2000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சோயா போட்டால் தனி உப்பு வேண்டாம். கறுத்த, கெட்டியான சோயா நிறத்துக்குத்தான், அரை ஸ்பூனுக்கு மேல் தேவையில்லை. அஜினமோட்டோ 1908-ல் ஜப்பானில் இகேதா என்ற வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த ருசிதான், சமையல் அளவில் அதற்குப் பயப்பட வேண்டாம். நெத்தோலி நீர் இருக்கும் வீட்டில் அது தேவையும் இல்லை.

தவக்காலத்தில் கறி, மீன் கிடையாது. அப்போது ஏதாவது? (முட்டம்)

எள் நூடுல்ஸ். ஒரு எச்சரிக்கை: சீன, ஜப்பான் சமையலில் வாசனைக்கு ஊற்றும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயை அதற்குப் பதில் ஊற்றினால் அந்த மணம் வராது. 4 டேபிள்ஸ்பூன் எள்ளைப் பொன்னிறமாக வறுத்து விழுதாக அரைத்து, சோயா, பூண்டு, சிட்டிகை கருப்பட்டி, கொஞ்சம் வினாகிரி, வெந்நீர் விட்டுத் தளர்த்தி, ஆறிய நூடுல்ஸில் பிசிறுங்கள். வெள்ளரிக்காய் நீளமாக நறுக்கிப் போடுங்கள். அடுப்பு வேலை நூடுல்ஸ் வேகவைப்பதோடு முடிந்தது.

பிள்ளைக்கு டிபனில் கொடுத்தால் மதியம் கட்டியாக இருக்கிறதாம். இரண்டு நிமிட நூடுல்ஸ்தான் போடுகிறேன். (தோவாளை)

அந்த ரகம் ஏற்கெனவே ஆவியில் வெந்து எண்ணெயில் பொரிந்து வருவது. 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ கண்டுபிடித்த நாளிலிருந்து உடனே தின்னத்தான் செய்கிறார்கள், நாலு மணி நேரம் டப்பாவில் நிற்காது. மெல்லிய அரிசி நூடுல்ஸை வதக்கி, முழுக்க ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெய் கூடுதலாகப் பிசிறி டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அதுவும் களிதான்.