பட்டமளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக யாரை அழைக்கலாம்? பிரபலமானவராகத்தான் இருக்க வேண்டுமா?

பிரபலம் தேவையே இல்லை. சொல்லப்போனால், சிறப்பு விருந்தினர் இல்லாமலே விழா நடக்கும். கேம்பிரிட்ஜில் பட்டம் பெறுபவர்கள் நால்வர் நால்வராக முன்னே வருவார்கள். கல்லூரியின் சார்பில் நிற்கும் ஆசிரியரின் வலது கை விரல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். அவர் லத்தீனில் நாலு வார்த்தை சொல்லி அவர்களை முன்னிறுத்துவார். அப்புறம் ஒவ்வொருவராக மண்டியிட, அவர்கள் கைகளைப் பற்றிப் பட்டம் வழங்குவார்கள். விருந்தினர் உரை என்று ஒன்று கிடையாது. எடின்பரோவில் ஒரு பழைய தொப்பியால் தலையில் லேசாகத் தட்டுவார்கள். அது பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸின் கால்சட்டைத் துணியில் தைத்தது என்று ஒரு கதை. நம்புபவர்கள் குறைவு, தலை நீட்டாதவர்கள் அதைவிடக் குறைவு. பெற்றோர் படம் பிடிக்கத் துடிப்பது இந்த நொடியைத்தான். பேச்சாளர் அதற்கு அடுத்தபடிதான்.

இப்படிப்பட்ட விழாக் குழுக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். விருந்தினர் யார் என்பதற்குக் கூட்டம் மேல் கூட்டம் போடுவார்கள். "யார் வந்தால் பத்திரிகையில் வரும்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. பட்டம் பெறுபவர்களின் பெயர்களை மேடையில் வாசிக்கப்போவது யார் என்பதோ கடைசி நேரத்தில் முடிவாகும். நாலு வருடம் படித்தவரின் பெயரைத் தப்பாக வாசித்தால் அந்தக் குடும்பம் சாகும்வரை மறக்காது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

"இந்த மாணவர்களிடம், இந்த வருடம், இவர் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் மார்ஷல் 1947-இல் ஹார்வர்டின் பட்டமளிப்பு நாளில் பேசியது கால் மணி நேரத்துக்கும் குறைவு. மேடைப் பேச்சில் அவர் ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை. ஆனால் போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா உதவ வேண்டும் என்ற திட்டத்தை அங்கேதான் முன்வைத்தார். அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் 1963 ஜூனில் கென்னடி அணு சோதனைத் தடை பற்றிப் பேசினார். ஆகஸ்டில் ஒப்பந்தமே கையெழுத்தாகிவிட்டது. ஸ்டீவ் ஜாப்ஸ் 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் சொன்னது வெறும் மூன்று கதைகள், அதையும் காகிதத்தைப் பார்த்துத்தான் வாசித்தார். கல்லூரிப் படிப்பையே முடிக்காதவர் அவர். மூவருமே பிரபலங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த உரைகள் நின்றது, எழுதிக்கொண்டு வந்ததால். வழியில் காரில் யோசித்துக்கொண்டு வருபவர் "கனவு காணுங்கள், உழையுங்கள்" என்பதைத் தாண்டமாட்டார்.

அடுத்தது சர்ச்சை. 2014-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸை 35,000 டாலர் தருவதாக அழைத்தது. ஈராக் போரில் அவர் பங்கைச் சொல்லி ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள், அவரே விலகிக்கொண்டார். "மாற்றுக் கருத்தைக் கேட்கக்கூடப் பொறுமையில்லையா?" என்று பலர் மாணவர்களைத் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கருத்தரங்கு என்றால் எழுந்து எதிர்க் கேள்வி கேட்கலாம். பட்டமளிப்பு விழாவில் அங்கி மாட்டிக்கொண்டு கைதட்டத்தான் முடியும். அதிலும் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தால் அது பாராட்டு விழாவேதான். சர்ச்சைக்குரியவரை அழையுங்கள், தாராளமாக. வேறொரு நாளில், கேள்வி நேரத்தோடு. இந்த மேடைக்கான பெயரைப் பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன் மாணவர் பிரதிநிதிகளிடம் காட்டிவிடுங்கள். முக்கால்வாசித் தலைவலி அங்கேயே தீரும்.

என்னைக் கேட்டால், முதலில் பழைய மாணவர்கள் பட்டியலைத்தான் புரட்டுவேன். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அதே மேடையில் பட்டம் வாங்கி, இன்று ஏதோ ஒரு துறையில் ஊன்றி வேலை பார்ப்பவர். அவருக்கு அந்த வகுப்பறை தெரியும், வேலை தேடி அலைந்ததும் மறந்திருக்காது. பணமும் கேட்கமாட்டார், பெரும்பாலும். அதற்காகப் பணக்கார விருந்தினர் வேண்டாம் என்று சொல்லவில்லை: அமெரிக்கக் கோடீஸ்வரர் ராபர்ட் எஃப். ஸ்மித் 2019-இல் அங்குள்ள மோர்ஹவுஸ் கல்லூரி மேடையில் நின்று, அன்று பட்டம் பெற்ற ஏறக்குறைய 400 பேரின் கல்விக் கடனையும் தானே அடைப்பதாக அறிவித்தார். அப்படி ஒருவர் கிடைத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்.

மற்றவர்களுக்கு அழைப்புக் கடிதத்திலேயே "12 நிமிடம்" என்று எழுதிவிடுங்கள். எப்படியும் இருபதுக்கு இழுப்பார்கள். உரையைப் பட்டம் வழங்குவதற்கு முன்னால் வையுங்கள். பட்டம் கைக்கு வந்த பிறகு பாதிப் பேர் வெளியே தொப்பியை வீசிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.