பத்னி வெச்செர் ரொட்டிக்கு முட்டை போடலாமா?

கேள்வி: அக்கா, கல்யாணம் ஆகி பல்கேரியாவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ப்லோவ்டிவ்ல இருக்கோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின டிசம்பர் 24 ராத்திரியை இங்க பத்னி வெச்செர்னு சொல்வாங்க, அன்னைக்கு பித்காங்கிற வட்ட ரொட்டியை கையாலயே பிச்சு பகிர்ந்து சாப்பிடுவாங்க. போன வருஷம் ஆசையா பால், தயிர், முட்டை, வெண்ணெய் எல்லாம் போட்டு நானே பித்கா சுட்டேன். மாமியார் ஒண்ணுமே சொல்லாம அதை அலமாரியில வெச்சுட்டு அவங்க சுட்டதை மேஜைக்கு கொண்டு வந்தாங்க. மறுநாள் பிச்சுப் பாத்தா மேல நல்லா செவந்திருக்கு, நடுவுல பச்சை மாவு. இந்த தடவை சரியா வரணும்க்கா.
– பெயர் வேண்டாம், ப்லோவ்டிவ்

பதில்: தங்கச்சி, மாமியாருக்கு உங்க மேல கோபம்னு நினைக்காதீங்க, அது விரத ராத்திரி. நவம்பர் 15ல ஆரம்பிக்கிற 40 நாள் விரதத்தோட கடைசி நாள்ங்கிறதால கறி, முட்டை, பால் எதுவுமே மேஜைக்கு வராது, பீன்ஸ், இலைக்குள்ள அரிசி வெச்சு சுருட்டுற சர்மி, உலர்ந்த பழம் வேகவெச்ச ஓஷாவ், வால்நட், தேன்னு 7, 9, 11ன்னு ஒத்தைப்படையா பதார்த்தம் வைப்பாங்க. நீங்க செஞ்ச பித்கா நல்ல ரொட்டிதான், 25ஆம் தேதிக்கு வெச்சுக்கோங்க.

24க்கு அரை கிலோ மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, 7 கிராம் உலர் ஈஸ்ட், உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், சூரியகாந்தி எண்ணெய் மூணு ஸ்பூன் போதும். பத்து நிமிஷம் நல்லா பிசைஞ்சு ரெண்டு மடங்கு ஆகுற வரைக்கும் மூடி வைங்க. அப்புறம் ஒரு உருண்டை நடுவுல, ஏழு உருண்டை சுத்தி, பூ மாதிரி அடுக்கி ஒவ்வொண்ணோட பக்கத்துலயும் எண்ணெய் தடவுங்க, இதை மட்டும் விட்டுடாதீங்க, அப்பதான் மேஜையில கை வெச்சதும் நார் நாரா பிரிஞ்சு வரும். நடு உருண்டையை கொஞ்சம் சின்னதா பிடிங்க, உங்களுக்கு பச்சையா நின்னது அங்கதான். முட்டை, பால் போட்ட மாவு சீக்கிரம் செவந்துடும், நாம வெந்துருச்சுன்னு ஏமாந்துடுவோம். 200 டிகிரியில பத்து நிமிஷம், அப்புறம் 180ல இருபது இருபத்தஞ்சு நிமிஷம் விட்டுட்டு, திருப்பி அடியில தட்டுங்க, வெத்து டப்பா மாதிரி சத்தம் கேக்கணும். எடுத்ததும் துணியில சுத்தி வைங்க.

மேல திராட்சைக்கொடி, சிலுவை எல்லாம் வைக்கணும்னா ஈஸ்ட் போடாம தனியா ஒரு பிடி மாவு பிசைஞ்சு செய்ங்க, பொங்குற மாவுல செஞ்சா உருவம் கலைஞ்சுடும். யாருக்கு கிடைக்குதோ அவங்களுக்கு அதிர்ஷ்டம்னு ரொட்டிக்குள்ள ஒரு காசு வைப்பாங்க, அந்த காசை கொதிக்க வெச்சு ஃபாயில்ல சுத்துங்க. குழந்தைங்க கடிக்கிறதுக்கு முன்னாடி பிச்சுப் பாக்கச் சொல்லுங்க!

கத்தி மட்டும் எடுத்துடாதீங்க. வீட்டுல மூத்தவங்கதான் பிப்பாங்க, முதல் துண்டு மாதாவுக்கு, ஒரு துண்டு வீட்டுக்கு, அப்புறம் வயசுப்படி ஒவ்வொருத்தருக்கும். வரிசை வீட்டுக்கு வீடு மாறும், அதனால மாமியார்கிட்டயே கேளுங்க, மாவு பிசையும்போது பக்கத்துல உக்காரச் சொல்லிட்டே கேளுங்க.

கேள்வி: தொட்டு சாப்பிட ஷாரெனா சோல்னு ஏதோ வைக்கிறாங்களே, அது என்னக்கா?
– அதே வாசகி

பதில்: வண்ண உப்புன்னு அர்த்தம். உப்பு, பாப்ரிகாங்கிற சிவப்பு மிளகாய்ப் பொடி, வெந்தயம், சுப்ரித்சாங்கிற மூலிகை எல்லாம் பொடியா கலந்தது. சூடான ரொட்டியை பிச்சு அதுல ஒத்தி எடுத்து சாப்பிட்டுப் பாருங்க, குழம்பே வேண்டாம்.