காறை எலும்பு முறிவு: கத்தி யாருக்கு வேண்டும்?

நகரிப் பக்கம் எலும்பு முறிவு மருத்துவம் பார்க்கிறேன். மார்பெலும்பையும் தோளையும் இணைக்கும் காறை எலும்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பைக்கிலிருந்து விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. புத்தூர்க் கட்டுப் போட்டால் போதும் என்கிறார் மாமனார். அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் டாக்டர். யார் சொல்வது சரி? (பள்ளிப்பட்டு)

இருவரையும் விட்டுவிட்டு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். கை காலுக்கு மூங்கில் தப்பை வைத்துச் சுற்றலாம்; மூச்சு விட்டாலே அசைகிற காறை எலும்பைச் சுற்றி எதைக் கட்டுவது? துண்டுகள் அதிகம் விலகாவிட்டால் கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டாலே கூடிவிடும். பெயர் என்னவோ கட்டியவருக்குப் போகும்!

துண்டுகள் முழுவதும் விலகி, ஒன்றன்மேல் ஒன்று 2 சென்டிமீட்டர் அளவுக்கு ஏறியிருந்தால் கதை வேறு. அப்படியே விட்டால் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு எலும்பு கூடுவதில்லை. அறுவை செய்து உலோகப் பிளேட்டைத் திருகி வைத்தால் அது 2 பேர் அளவுக்குக் குறைகிறது. படுத்தபடி எடுத்த படத்தில் விலகல் குறைவாகத் தெரியும், எனவே நின்றபடி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். முனை தோலைக் குத்தி வெளுக்க வைத்தாலோ, கை மரத்துச் சில்லிட்டாலோ அன்றைக்கே ஓடுங்கள். எலும்புக்கு அடியிலேயே கைக்குப் போகும் ரத்தக் குழாயும் நரம்புகளும் இருக்கின்றன. திருகுக்குத் துளை போடும்போது நாங்கள் அஞ்சுவதும் அதற்குத்தான்.

பிளேட் வைத்து மூன்று வாரம். விசைத்தறிக்கு எப்போது போகலாம் ஐயா? (நகரி)

விரலையும் முழங்கையையும் இப்போதே அசையுங்கள். தறியில் நூல் முடிவதற்கு ஆறு வாரம் போதும். பாவு பீம் (நூல் சுற்றிய கனமான உருளை) தூக்க மூன்று மாதம், அதுவும் எலும்பு கூடியதைப் படத்தில் பார்த்த பிறகு. பீடியை விடுங்கள், அது எலும்பைக் கூடவிடாது.

காறை எலும்பு அறுவைத் தழும்புக்குக் கீழே தாலிக்கயிறு உரசுவதுகூடத் தெரியவில்லை. (திருத்தணி)

அம்மா, காறை என்ற பழைய கழுத்தணி படியும் இடமே அதுதான். அங்கே தோலுக்கு உணர்ச்சி தரும் சிறு நரம்புகள் எலும்பைக் கடந்து இறங்குகின்றன. கீறும்போது சில அறுபடும். மரப்பு மாதக்கணக்கில் சுருங்கும், கொஞ்சம் மிஞ்சலாம். கை வலு இதனால் குறையாது.

பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா? (புத்தூர்)

உறுத்தாவிட்டால் இருக்கட்டும். எடுப்பதானால் ஓராண்டாவது போகட்டும்.

ஆறு வயது மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். முறிந்த இடத்தில் இப்போது முண்டு தெரிகிறது. (திருத்தணி)

அது புது எலும்பு. வளர வளரக் கரைந்துவிடும். அவன் மறுபடி மரம் ஏறுவதை மட்டும் ஆறு வாரம் தள்ளிப்போடுங்கள்.