டாக்டர் மாறிக்கொண்டே இருந்தால் யாரைக் கேட்பது?

கனடாவின் வட ஒன்டாரியோவில் முதற்குடிகள் (கனடாவின் பூர்வகுடிகள்) வாழும் ஊர்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: விமானத்தில் மட்டும் போகக்கூடிய ஊர்களில் டாக்டரே கிடையாதா?

பதில்: உண்டு, ஆனால் வந்து போகிறவர். அன்றாடம் பார்ப்பது நர்சிங் ஸ்டேஷன் எனப்படும் ஊர் மருத்துவ நிலையத்தின் நர்ஸ்கள்தான். மத்திய அரசின் தலைமைத் தணிக்கையாளர் 2015-இல் 45 நர்ஸ்களின் பதிவுகளைப் பார்த்தார். ஐந்து கட்டாயப் பயிற்சிகளையும் முடித்திருந்தவர் ஒரே ஒருவர். இது நர்ஸ்களின் குற்றமல்ல, அவர்களை அனுப்பியவர்களின் குற்றம்.

கேள்வி: சிகிச்சை தவறாகப் போனால் புகார் செய்ய வழி இல்லையா?

பதில்: இருக்கிறது. ஒன்டாரியோவில் டாக்டர்களுக்கு உரிமம் தரும் சி.பி.எஸ்.ஓ.விடம் யாரும் புகார் தரலாம். முடிவு சரியில்லை என்று பட்டால் 30 நாளுக்குள் மறு ஆய்வு கேட்கலாம். ஆனால் அங்கே விசாரிப்பது ஒரு டாக்டர் செய்ததை மட்டும்தான். ஒரு பிள்ளைக்குத் தொண்டைப் புண் என்று வையுங்கள். ஒருவர் பார்த்து "தண்ணீர் நிறையக் குடி" என்று அனுப்புகிறார். பத்து நாள் கழித்து மூட்டு வீங்கி வரும்போது நாற்காலியில் வேறு ஒருவர். முந்தைய கதை அவருக்குத் தெரியாது. அது தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சல்; பென்சிலினில் தடுத்திருக்கக்கூடியது, இதயத்தில் இறங்கிவிடலாம். வடமேற்கு ஒன்டாரியோவில் நான்கு வயதுக் குழந்தைகள் இருவர் இந்த நோயால் இறந்தே போனார்கள், இந்த நூற்றாண்டில். இதில் எந்த டாக்டர் மேல் புகார் எழுதுவது? டாக்டர்களை அமர்த்துகிறவர்களும் பதில் சொல்ல வேண்டும். அந்த அதிகாரம் ஊர்க்காரர்கள் கையில் இருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

கேள்வி: அப்படி எங்காவது நடந்திருக்கிறதா?

பதில்: 1988-இல் வட ஒன்டாரியோவின் முதற்குடி ஊரான சாண்டி லேக்கைச் சேர்ந்த ஐந்து பேர், மருத்துவ வசதி சரியில்லை என்று சூ லுக்அவுட் நகர ஆஸ்பத்திரியிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அதைத் தொடர்ந்து விசாரணைக் குழு அமைந்தது, 1990-இல் முதற்குடிகளே நடத்தும் சுகாதார ஆணையம் பிறந்தது. அமெரிக்காவின் அலாஸ்காவில் பூர்வகுடிகளே நடத்தும் சுகாதார அமைப்பான சவுத்சென்ட்ரல் பவுண்டேஷன் இன்னும் ஒரு படி மேலே போனது: அங்கே நோயாளிகளுக்கே ‘வாடிக்கையாளர்-உரிமையாளர்’ என்று பெயர். ஒவ்வொருவருக்கும் மாறாத ஒரு மருத்துவக் குழு.

கேள்வி: நான் ஸ்கார்பரோவில் நர்ஸ். வடக்கே வேலைக்குப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே ஊருக்கே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முதியவர்கள் பலர் ஓஜி-கிரீ என்ற முதற்குடி மொழி பேசுவார்கள், மொழிபெயர்ப்பாளர் வந்து உட்கார்ந்த பிறகு விசாரிக்கத் தொடங்குங்கள். அப்புறம், கிளம்பும் முன் அடுத்தவருக்கு எழுதிவைக்கும் குறிப்பில் பிள்ளையின் தொண்டைப் பரிசோதனை முடிவு வந்ததா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.