தோட்டத்துப் பத்திரத்தை வைத்து எம்.பி.ஏ. வேண்டாம்

போன வாரம் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு காபித் தோட்டக்காரர் மனைவியோடு மலை இறங்கி வந்திருந்தார். மூன்று ஏக்கர், காபியும் மிளகும். மகள் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம். "அவ தாய்மாமன் பெங்களூர்ல எம்.பி.ஏ. சீட் பேசி வெச்சிருக்காருங்க சார். பன்னெண்டு லட்சம். இவ என்னடான்னா ஃபெல்லோஷிப், ஆராய்ச்சிங்கறா. எங்களுக்கு ராத்தூக்கமே போச்சு" என்றார்.

தைரியம் சொல்லி அனுப்பத்தான் நினைத்தேன். தோட்டத்துப் பத்திரத்தை அடமானம் வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

ஐயா, அந்தப் பெண்ணின் நோட்டை நான் பார்த்தேன். பட்டா அப்பா பேரில் இருக்கிறது, நிழல்மரத்தை வெட்ட மட்டும் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்று அதில் தொடங்கியிருக்கிறாள். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்திருக்கிறாள். மரம் நின்றால் கீழே திருமணிமுத்தாற்றுக்குத் தண்ணீர், நிற்க வைப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த கேள்வி இது. எம்.பி.ஏ. வகுப்பில் இதற்கு இடமில்லை.

இதே கேள்விக்காக இடம் கொடுத்து, தங்கவைத்து, உதவித்தொகையும் தரும் ஆய்வு மையங்கள் உலகத்தில் உண்டு. ஃபெல்லோஷிப் என்று அவள் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் மான்டானா மாநிலத்து போஸ்மன் ஊரில் 1980-லிருந்து இயங்கும் பெர்க் (PERC) என்ற மையம் அப்படி ஒன்று. சந்தை, சொத்துரிமை, சுற்றுச்சூழல் மூன்றும்தான் அதன் வேலை. முதுகலை, பிஎச்.டி., சட்டம் படிப்பவர்கள் ஒரு கேள்வியோடு விண்ணப்பித்து, தேர்வானால் சில மாதம் அங்கேயே இருந்து எழுதுவார்கள். பக்கத்து அறையில் அதே துறையில் பழுத்த ஆய்வாளர்கள் இருப்பார்கள். எழுதியதைக் கருத்தரங்கில் வைத்தால் கேள்விமேல் கேள்வி வரும். கிழித்துத் திரும்ப எழுத வேண்டும். வரும்போது கையில் பட்டம் இருக்காது. பிரசுரத்துக்குத் தயாரான ஒரு கட்டுரையும், பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். ஆய்வு உலகத்தில் அதற்குத்தான் மதிப்பு.

பெர்க் சந்தையின் பக்கம் சாய்ந்த இடம். அதை அவள் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நேபாளத்துப் பாசன வாய்க்கால்களையும் சுவிஸ் மலை மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்து, ஊர்க்காரர்களே விதி வகுத்துப் பொதுச்சொத்தைக் காக்க முடியும் என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். அதற்காக 2009-ல் பொருளாதார நோபல் பெற்றார். அந்தப் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் 1973-ல் கணவரோடு சேர்ந்து இண்டியானா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுப் பட்டறை இன்றும் நடக்கிறது. ஏற்காட்டுப் பெண்ணுக்கு இரண்டு பக்கத்து வாதமும் தெரிய வேண்டும்.

நாளைக்கே விமானம் ஏறச் சொல்லவில்லை. முதலில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, அதில் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையை வாங்கட்டும். பிஎச்.டி. சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் அவள் கைக்கு வரும். சென்னை கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் சுற்றுச்சூழல் பொருளாதாரத்துக்குப் பேர்போன இடம், அங்கே முயலட்டும். வெளிநாட்டு ஃபெல்லோஷிப் அதற்கு நடுவில் வர வேண்டியது.

பணத்தில் நான் கறார். விமானக் கட்டணம், விசா, காப்பீடு, தங்கும் இடம் ஒவ்வொன்றும் யார் செலவு என்று எழுத்தில் வாங்காமல் பெட்டி கட்டக் கூடாது. சேர்வதற்கே கட்டணம் கேட்டால் அது ஃபெல்லோஷிப்பே இல்லை. ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாமனுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்டார். அவரையே என்னிடம் வரச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன் என்றேன். அதற்குள் மகள் இரண்டு பக்கத்தில் ஆய்வுத் திட்டம் எழுதி வைக்கட்டும். மரம் வெட்ட அனுமதி கேட்டு அலைந்த பக்கத்துத் தோட்டக்காரர்கள் பத்துப் பேரிடமாவது பேசிவிட்டு எழுதட்டும்.