ஓய்வுநாளில் எனக்கு மட்டும் ஓய்வில்லை

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்பதில் என் கணவர் கண்டிப்பானவர். துணி துவைத்தால்கூடக் கோபித்துக்கொள்வார். ஆனால் ஆராதனை முடிந்து வந்ததும் சமையல், விருந்தினர், பாத்திரம் எல்லாம் என் தலையில்தான். இரவில் அலுவலக மின்னஞ்சல் வேறு. திங்கட்கிழமை எழும்போதே அலுப்பாக இருக்கிறது. நான் ஓய்வுநாளை மீறுகிறேனா?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, இன்னும் உங்கள் கைக்கே வந்து சேராத ஒரு நாளை நீங்கள் எப்படி மீற முடியும்?

உங்கள் கணவரின் ஆசை நல்லதுதான். அவரோடு உட்கார்ந்து வேதாகமத்தில் உபாகமம் 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். யாத்திராகமம் 20இல் ஓய்வுநாள் கட்டளைக்குத் தேவன் உலகைப் படைத்தது காரணமாகச் சொல்லப்படுகிறது. உபாகமத்திலோ, நீங்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள் என்று இஸ்ரவேலருக்குச் சொல்வதாக வருகிறது. பிள்ளைகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலில் இருக்கும் அந்நியன் வரை அத்தனை பேருக்கும் அந்த நாளில் பங்கு உண்டு. மனைவியைத் தனியாகச் சொல்லவில்லை. 'நீ' என்பதிலேயே கணவனும் மனைவியும் அடக்கம் என்றுதான் நான் வாசிக்கிறேன். கழுதைக்குக் கிடைக்கும் ஓய்வு வீட்டுத் தலைவிக்குக் கிடைக்கவில்லை என்றால், அந்த வீட்டில் கட்டளை பாதிதான் கைக்கொள்ளப்படுகிறது. ஓய்வுநாளைக் கைக்கொள்வது என்றால், தான் வேலையை நிறுத்துவதோடு மற்றவரையும் இளைப்பாற விடுவது. இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அதற்கு வழி சனிக்கிழமையிலேயே இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவன் கொடுத்த உணவான மன்னாவை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஓய்வுநாளுக்கு முந்தின நாளைச் சுவிசேஷங்கள் ஆயத்தநாள் என்றே அழைக்கின்றன. லேவியராகமம் 23இல் ஓய்வை ஆசரிக்கச் சாயங்காலம் தொடங்கி மறு சாயங்காலம்வரை என்ற கணக்கு இருக்கிறது. ஞாயிற்றை ஆசரிக்கும் உங்களுக்கும் அது ஒத்துவரும். சனிக்கிழமை மாலைக்குள் காய் நறுக்கி, குழம்பு வைத்து எடுத்து வையுங்கள். பள்ளிச் சீருடையைத் தேய்த்து மாட்டுவது கணவரின் பொறுப்பாகட்டும். ஞாயிறு மதியம் சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவட்டும். விருந்தினர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் நாள் செய்து வைத்ததைச் சூடுபண்ணிப் பரிமாறினால் போதும். படுக்கையில் இருக்கும் பெரியவருக்குக் கஞ்சி கொடுப்பதையும் நோயாளியைப் பார்த்துக்கொள்வதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பதினெட்டு வருஷமாக நிமிர முடியாதிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில்தான் குணமாக்கினார்.

மின்னஞ்சல் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன். 321ஆம் ஆண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது வயல் வேலைக்கு விலக்குக் கொடுத்தார். பருவம் தவறினால் பயிர் போய்விடுமே என்பது அவர் கவலை. யாத்திராகமம் 34:21 அந்த விலக்கையும் கொடுக்கவில்லை: "விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக." வேலை நெருக்கும் காலத்தில்தான் இந்தக் கட்டளை நமக்கு அதிகம் தேவைப்படுகிறது. ஞாயிறு மாலைவரை பதில் வராது என்று வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். உண்மையான அவசரம் என்றால் அழைப்பார்கள்.

முதல் சில வாரங்கள் உட்கார்ந்திருப்பதே குற்றம்போல் உறுத்தும், கை தானாகப் பாத்திரத் தொட்டியைத் தேடும். அப்போதும் எழுந்திருக்காதீர்கள்.