கிளாரினெட்: ரீடை மாற்றுவதற்கு முன்

பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும். எல்லாமே சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட்டைப் பற்றியவை. ரீட் என்பது மவுத்பீஸில் (வாயில் வைக்கும் முனையில்) கட்டி ஊதும் மெல்லிய நாணல் தகடு. அதன் நம்பர் கூடினால் விறைப்பும் கூடும். சுரப் பெயர்கள் தாளில் நாம் பார்த்து வாசிக்கும் பெயர்கள். ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) காட்டும் பெயராக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சார், இரண்டரை நம்பர் ரீட்ல வாசிக்கிறேன். சத்தம் மெலிசா, கொசு கத்துற மாதிரி வருது. மூணரைக்கு மாறிடவா?

கொஞ்சம் பொறுங்கள். மவுத்பீஸையும் பேரலையும் (மவுத்பீஸுக்கு அடுத்து வரும் குட்டிக் குழாய்) மட்டும் சேர்த்து, அளவான பலத்தோடு ஊதிப் பாருங்கள். ட்யூனரில் எஃப் ஷார்ப் நிற்க வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது, அல்லது காற்றில் வேகம் இல்லை. மேலே ஏறினால் கடிக்கிறீர்கள். இந்த ஒரு சுரம் நேராக நிற்காதவரை ரீட் நம்பரைப் பற்றிப் பேசுவதே வீண்.

எஃப் ஷார்ப் சரியாக வந்தும் சத்தம் மெலிந்தே இருந்தால், மவுத்பீஸ் வாய்க்குள் போதுமான அளவு போகவில்லை என்று சந்தேகப்படுவேன். ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய தாளை நுழையுங்கள். அது எந்த இடத்தில் தட்டி நிற்கிறதோ, அங்கே ரீடின்மேல் பென்சிலால் லேசாகக் கோடு போடுங்கள். கீழ் உதடு அந்தக் கோட்டை ஒட்டி உட்கார வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் அதற்கு மேலேயே, நுனியை மட்டும் கவ்வுகிறார்கள். ரீட் அதிர இடம் ஏது?

இதெல்லாம் சரியான பிறகும் மாற வேண்டும் என்று தோன்றினால், மூன்றுக்குப் போங்கள். ஒரே தாவலில் மூன்றரைக்குப் போனால், காற்றுக்குப் பதில் தாடையால் வாசிக்கப் பழகிவிடுவீர்கள். அந்தப் பழக்கத்தை விடுவது பெரும்பாடு.

பக்கத்து சீட்ல இருக்கிறவரும் மூணு நம்பர்தான். அவருக்கு நல்லாப் பேசுது, எனக்கு வெறும் காத்துதான் வருது. ஏன்?

நம்பர் சொல்வது நாணலின் விறைப்பை மட்டும். அதுவும் ஒரு கம்பெனியின் மூன்று இன்னொன்றின் மூன்றாக இருக்காது. அதைவிட முக்கியம், மவுத்பீஸின் நுனித் திறப்பு, அதாவது மவுத்பீஸ் நுனிக்கும் ரீட் நுனிக்கும் உள்ள இடைவெளி. வாண்டோரன் கம்பெனியின் பி45 மவுத்பீஸில் அது சுமார் 1.2 மி.மீ., 5ஆர்வி-யில் சுமார் 1.07 மி.மீ. திறப்பு அதிகமானால் மென்மையான ரீட், குறைவானால் விறைப்பான ரீட் என்பதுதான் பொதுவான கணக்கு. அவருடைய மவுத்பீஸைப் பார்க்காமல் அவருடைய ரீடை வாங்காதீர்கள்.

ரிகர்சல் தொடங்கும்போது சுருதி சரியா இருக்கு. அரை மணி நேரத்துல ஏறிடுது.

குளிர்ந்த வாத்தியத்தில் சுருதி சேர்த்தால் அப்படித்தான் ஆகும். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் ஏறும். அரைச் சுரம் என்பது 100 சென்ட். முதலில் நன்றாக ஊதிச் சூடேற்றுங்கள், பிறகு சேருங்கள். விரல் எதுவும் வைக்காத ஜி-யை பேரலை இழுத்துச் சரிசெய்யுங்கள். அடுத்து, தாளில் ஐந்து கோடுகளின் மூன்றாம் இடைவெளியில் உள்ள சி-யை வாசியுங்கள். அது ஏறியிருந்தால் நடு இணைப்பை (மேல் பாகமும் கீழ் பாகமும் சேரும் இடம்) இழுங்கள். எல்லாவற்றையும் பேரலிலேயே இழுத்தால் தொண்டைச் சுரங்கள் (விரல் துளைகள் திறந்திருக்கும் ஜி, ஏ, பி ஃபிளாட் போன்றவை) அளவுக்கு மீறி இறங்கி, மற்றவை மேலேயே நின்றுவிடும்.

அந்தத் தொண்டைச் சுரங்கள்தான் பிரச்சினையே. ஏ-யும் பி ஃபிளாட்டும் மங்கலா, சுருதி ஏறி வருது.

அது கிளாரினெட்டின் பிறவிக் குணம். குழலில் மிகச் சிறிய பகுதிதான் அங்கே வேலை செய்கிறது. ஏ வாசிக்கும்போது வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டையும் துளைகளில் வைத்துப் பாருங்கள். சத்தம் கனக்கும், சுருதியும் சற்று இறங்கும். எந்த விரல் சேர்க்கை பொருந்தும் என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்து, நீண்ட சுரங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். வேகமான இடத்தில் வேண்டாத தொல்லை.

சத்தமா வாசிக்கும்போது புல்லாங்குழல்காரங்களோட ஒத்துப்போக மாட்டேங்குது. தப்பு யாருது?

இரண்டு பேருடையதும். பலமாக ஊதினால் கிளாரினெட் சுருதி இறங்கும், புல்லாங்குழல் ஏறும். மெதுவாக ஊதினால் நேர்மாறு. ஆகவே சத்தம் கூடக் கூட இரு பக்கமும் விலகிக்கொண்டே போகும். உங்கள் பங்குக்கு, பலமாக ஊதும்போது உதட்டோரங்களைத் தளரவிடாதீர்கள். நாக்கின் பின்பகுதி ‘ஈ’ சொல்வதுபோல் உயர்ந்தே இருக்கட்டும். ரீட் மிகவும் மென்மையாக இருந்தால் இந்த இறக்கம் இன்னும் மோசமாகும். ரீட் நம்பரைக் கூட்ட இது நியாயமான காரணம்.

ட்யூனர்ல முள் நடுவுல நிக்குது. ஆனா கூட்டா வாசிச்சா ஒட்டல.

முள்ளை விட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். 440 ஹெர்ட்ஸும் 442 ஹெர்ட்ஸும் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ‘வவ்... வவ்...’ என்று அலையடிக்கும். அலை மெதுவாகி நிற்கும்வரை நகருங்கள். பேஸ் வாத்தியங்கள் முதலில் சேரட்டும். நாம் அதன்மேல் உட்கார வேண்டும். மேஜர் கார்டில் மூன்றாம் சுரம் உங்களுடையது என்றால், ட்யூனர் காட்டுவதைவிட 14 சென்ட் இறக்கினால்தான் இனிக்கும். அப்போது முள் தப்பு என்று காட்டும். காட்டட்டும்.

புது ரீட் ஒண்ணு ஒரு நாள் நல்லா இருக்கு, மறுநாள் செத்துப்போகுது.

முதல் சில நாள் ஐந்து, பத்து நிமிடம் மட்டும் வாசியுங்கள். நான்கு ரீடைச் சுழற்சியில் வையுங்கள். வாசித்ததும் துடைத்து, தட்டையான பெட்டியில் போடுங்கள். மவுத்பீஸிலேயே விட்டால் நுனி நெளியும். ரீட் சற்று விறைப்பாகத் தெரிந்தால், தூக்கி எறியுமுன் ஒரு முடி அளவு கீழே இறக்கிக் கட்டிப் பாருங்கள். மென்மையாக இருந்தால் அதே அளவு மேலே.

பிளாஸ்டிக் ரீட்?

வெயிலில் அணிவகுத்துப் போகும்போது தாராளமாக. அரங்கத்தில் எனக்கு இன்னும் நாணல்தான்.